ஓடையில் நிற்கும் மாடுகளும் அமெரிக்காவின் மண்–நீர் பாதுகாப்பு மாவட்டங்களும்

விர்ஜீனியா மாநிலத்தின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில், வெயில் ஏறிய ஜூலை மதியங்களில் மாடுகள் ஓடைக்குள் இறங்கி நிற்பதைப் பார்க்கலாம். மேய்ச்சல் நிலத்தில் குடிக்க வேறு தண்ணீர் இருக்காது, நிழலும் கரையோரத்தில்தான். நாள் முழுக்க ஏறி இறங்கும் குளம்புகளால் கரை உடைந்து சரிகிறது. சாணமும் மூத்திரமும் நேரே தண்ணீரில் விழுகின்றன. கலங்கிய அந்தத் தண்ணீர் ஷெனண்டோவா ஆற்றில் சேர்ந்து, அங்கிருந்து பொட்டோமாக் வழியாகச் செசபீக் விரிகுடாவுக்குப் போகிறது. ஆறு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலுமாக ஏறத்தாழ 64,000 சதுர மைல் பரப்பின் வடிநீர் வந்து சேரும் விரிகுடா அது. அதற்குள் எவ்வளவு நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் வரலாம் என்று 2010-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை உச்ச வரம்பு வைத்தது.

வரம்பு வைத்தாயிற்று. ஆனால் ஒருவருடைய மேய்ச்சல் நிலத்துக்குள் போய் "ஓடைக்கு வேலி போடு" என்று சொல்வது யார்? 1972-ன் தூய நீர்ச் சட்டம் ஆலைக் குழாயையும் சாக்கடைக் குழாயையும் உரிமம் கேட்டுப் பிடிக்கும். வயலிலிருந்தும் மேய்ச்சல் நிலத்திலிருந்தும் பரவலாக வழியும் தண்ணீர் அந்த உரிம முறைக்குள் வராது. இந்த இடைவெளியில்தான் மண்–நீர் பாதுகாப்பு மாவட்டங்கள் வேலை செய்கின்றன. ஆணை போடும் அதிகாரம் அவற்றுக்கு அநேகமாகக் கிடையாது. நிலத்துக்காரர் கேட்டால் வருவார்கள், வேண்டாம் என்றால் போய்விடுவார்கள். அப்படி இருந்தும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஏற்பாடு நிற்கிறது என்றால், அதன் அமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் நினைவுக்கு வருவார். இங்கே அதை மறந்துவிட வேண்டும். இது மண்ணுக்கும் நீருக்கும் மட்டுமான சிறிய உள்ளூர் அமைப்பு. மாநிலச் சட்டப்படி உருவானது. எல்லை பெரும்பாலும் ஒரு கவுண்டி, அதாவது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு; சில இடங்களில் இரண்டு மூன்று கவுண்டிகள். நாடு முழுவதும் ஏறத்தாழ 3,000 இருக்கின்றன. பெயர்தான் ஊருக்கு ஊர் மாறும்: கலிபோர்னியாவில் வளப் பாதுகாப்பு மாவட்டம், நெப்ராஸ்காவில் இயற்கை வள மாவட்டம், பென்சில்வேனியாவில் வெறுமனே பாதுகாப்பு மாவட்டம். தலைமையில் சம்பளம் வாங்காத ஒரு குழு இருக்கும், பல மாநிலங்களில் ஐந்து பேர். வட கரோலினாவில் மூவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், இருவர் நியமனம். அயோவாவில் ஐவரும் தேர்தலில் வருகிறவர்கள். குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே ஊரில் பயிர் வைப்பவர்கள், மாடு வளர்ப்பவர்கள். நிலத்துக்காரர் வாசல் கதவைத் திறப்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். பக்கத்துப் பண்ணைக்காரர் உட்கார்ந்திருக்கும் குழு அனுப்பிய ஆளும், தலைநகரிலிருந்து வரும் ஆய்வாளரும் அவர் கண்ணுக்கு ஒன்றல்ல.

இந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். 1905-ல் விர்ஜீனியாவின் லூயிசா கவுண்டியில் மண் கணக்கெடுப்புக்குப் போனவர், அடுத்தடுத்து இருந்த இரண்டு நிலங்களைத் தோண்டிப் பார்த்தார். சரிவு ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான். காடாக இருந்த பக்கம் மண் பொலபொலவென்று ஈரத்தோடு இருந்தது. உழுத பக்கம் கல்லாக இறுகிய களிமண். உழுத நிலத்தின் மேல்மண் முழுவதும் மழைக்கு மழை ஏடு ஏடாகக் கழன்று போயிருக்கிறது, யார் கண்ணுக்கும் படாமலே. முப்பது ஆண்டு கழித்து, சமவெளி மாநிலங்களின் மண் புழுதிப் புயலாகக் கிளம்பியபோதுதான் நாடு அவர் பேச்சைக் கேட்டது. 1935 ஏப்ரல் 14-ன் 'கறுப்பு ஞாயிறு' புயலுக்கு இரண்டு வாரம் முடியும் முன்பே, ஏப்ரல் 27-ல் மண் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. மண் பாதுகாப்புச் சேவை என்ற மத்தியத் துறை பிறந்தது, பென்னட் அதன் தலைவர். 1994 முதல் அதன் பெயர் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, சுருக்கமாக என்.ஆர்.சி.எஸ்.

மத்தியத் துறை தனியாகப் போய்த் தனியார் நிலத்தில் வேலை செய்ய முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1937 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பி, உள்ளூர் மாவட்டங்கள் அமைக்கச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் வட கரோலினாவின் ஆன்சன் கவுண்டியில், பென்னட்டின் சொந்த மண்ணில், பிரவுன் கிரீக் மாவட்டம் முதலாவதாக உருவானது. இன்றைய ஏற்பாட்டுக்கும் அடித்தளம் அதேதான்: நுட்பமும் பெரும்பணமும் மத்திய அரசிடமிருந்து, எந்த வேலை முதலில் என்ற முடிவு உள்ளூரில். பல ஊர்களில் மாவட்ட அலுவலகமும் என்.ஆர்.சி.எஸ். அலுவலகமும் ஒரே கட்டடத்தில் இருக்கும், எதிர் மேசையில், மத்திய வேளாண் துறையின் இன்னொரு கிளையான பண்ணைச் சேவை முகமை. வருகிறவருக்கு யார் எந்தத் துறை என்று தெரிவதுகூட இல்லை, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இனி அந்த ஓடைக்கே வருவோம்.

அறுபது மாடு வைத்திருப்பவர் ஒருவர் அலுவலகத்துக்குப் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஓடையைக் காப்பாற்றும் எண்ணத்தில் செய்யமாட்டார். கன்றுகளுக்குக் கழிச்சல், மாடுகளுக்குக் குளம்பு அழுகல், கரை இடிந்து வேலிக்கம்பம் விழுந்துவிட்டது என்று ஏதோ ஒன்று. களப்பணியாளர் வந்து முதலில் செய்ய வேண்டியது நிலத்தை நடந்து பார்ப்பது, கேள்வி கேட்பது. குளிர்காலத்தில் வைக்கோல் எங்கே போடுகிறீர்கள்? எந்த மூலை சேறாகிறது? மாடு எண்ணிக்கையைக் கூட்டப்போகிறீர்களா? உங்களுக்குப் பின் இந்த நிலத்தை யார் பார்ப்பார்கள்? மண் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், அதை அச்செடுத்துக் கையில் கொண்டுவருவார்கள். ஆனால் ஊற்று எங்கே கசிகிறது என்பதை வரைபடம் சொல்லாது, உரிமையாளர்தான் சொல்வார். என்.ஆர்.சி.எஸ். கைநூலில் திட்டமிடலுக்கு ஒன்பது படிகள் இருக்கின்றன. பிரச்சினையை அறிவதில் தொடங்கி, கணக்கெடுத்து, மாற்று வழிகளை வகுத்து, செய்து முடித்ததை மதிப்பிடுவதில் முடியும். அவற்றில் ஏழாவது படி முடிவெடுப்பது. அதை எடுப்பவர் நிலத்துக்காரர், அலுவலர் இல்லை. இதை மனதார ஏற்காத பணியாளர் எழுதும் திட்டம் அலமாரியிலேயே கிடக்கும்.

வேலி என்றால் கம்பி என்று நினைப்பார்கள். உண்மையில் ஓடை வேலி வேலையில் பாதிக்கு மேல் தண்ணீர் வேலை. மாட்டை ஓடையிலிருந்து வெளியேற்றினால் வேறு எங்கே குடிக்கும்? வெயில் காலத்தில் ஒரு மாடு நாளைக்கு 20 முதல் 30 கேலன், அதாவது 75 முதல் 110 லிட்டர் குடிக்கும். சராசரி 25 கேலன் என்றால் அறுபது மாட்டுக்கு 1,500 கேலன். கிணறு நிமிடத்துக்கு 5 கேலன் கொடுத்தால் அவ்வளவையும் இறைக்க ஐந்து மணி நேரம் ஆகும். போதும்போல் தோன்றும். ஆனால் தொட்டி தூரத்தில் இருந்தால் மாடுகள் கூட்டமாகக் கிளம்பி வந்து ஒரே சமயத்தில் குடிக்கும். முன்னால் நிற்பவை தொட்டியைக் காலி செய்துவிடும், பின்னால் நிற்பவை முட்டி மோதித் தொட்டியைப் பெயர்த்துவிடும். சுமார் 800 அடிக்குள் தொட்டி இருந்தால் ஒன்றிரண்டாக வந்து குடித்துவிட்டுப் போகும். ஆகவே எங்கோ ஒரு பெரிய தொட்டியைவிட, பிரித்த ஒவ்வொரு மேய்ச்சல் பாத்திக்கும் எட்டும்படி சிறிய தொட்டிகள் மேல்.

அடுத்தது அழுத்தம். அழுத்தத்தை அங்கே பி.எஸ்.ஐ. என்ற அலகில் அளப்பார்கள். தண்ணீரை 2.31 அடி உயரம் ஏற்ற ஒரு பி.எஸ்.ஐ. வேண்டும். கிணற்றடியிலிருந்து 100 அடி மேட்டில் தொட்டி என்றால் உயரத்துக்கே 43 பி.எஸ்.ஐ. போய்விடும், குழாய்க்குள் உராய்வில் போவது தனி. வீட்டுப் பம்பு 40-க்கும் 60-க்கும் இடையில் ஓடும்படி வைத்திருந்தால் மேட்டுத் தொட்டியில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். இந்தக் கணக்கைப் போடாமல் குழாயைப் புதைத்துவிட்டு, பிறகு பம்பை மாற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. குழாயும் பனியில் உறையாத ஆழத்தில் போக வேண்டும், அந்தப் பகுதியில் இரண்டு மூன்று அடி. தொட்டியைச் சுற்றி வெறும் மண்ணை விட்டால் ஒரே பருவத்தில் முழங்கால் சேறு. ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து அதன்மேல் ஜல்லி போட வேண்டும். துணியை விட்டுவிட்டுச் செலவை மிச்சப்படுத்தியவர்களின் ஜல்லி இரண்டு குளிர்காலத்தில் மண்ணுக்குள் மறைந்துவிடும்.

கடைசியில்தான் கம்பி. மின்வேலி என்றால் பூமிக்கம்பிகள் சரியாக இருக்க வேண்டும், பத்தடி இடைவெளியில் மூன்று என்பது வழக்கம். "கரண்ட் அடிக்கவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கே இருக்கும், அல்லது கீழ்க்கம்பியைப் புல் தொட்டுக்கொண்டிருக்கும். ஓடையை மாடு கடந்தே ஆக வேண்டும் என்றால் வளைவில் கடவை போடக் கூடாது, தண்ணீர் நேராக ஓடும் இடத்தில் போட வேண்டும். இறங்கும் சரிவு நாலுக்கு ஒன்றைவிட, அதாவது நாலடி தூரத்துக்கு ஓரடி இறக்கத்தைவிட, செங்குத்தாக இருக்கக் கூடாது. வேலி ஓடைக்குக் குறுக்கே போகும் இடத்தில், வெள்ளம் வந்தால் தானாக அறுந்து ஒதுங்கும் தொங்கு வேலிதான் சரி. அங்கே உறுதியாகக் கட்டினால், அடித்து வரும் மரக்கட்டைகள் அதில் சிக்கி இருநூறு அடி நல்ல வேலியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கரையிலிருந்து வேலி எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதில்தான் பேரம் நடக்கும். 35 அடி விட்டால் மரம் நடலாம், வண்டல் வடியும், விர்ஜீனியாவின் மாநிலத் திட்டத்தில் மானியமும் கூடுதல். நிலத்துக்காரர் கேட்பது "எவ்வளவு நிலம் போகும்?" என்று. ஆயிரம் அடி ஓடைக்கு ஒரு பக்கம் 35 அடி என்றால் 0.8 ஏக்கர், இரு பக்கமும் 1.6 ஏக்கர். இப்படி எண்ணாகச் சொல்லிவிடுவது நல்லது. பலர் மனதில் இதைவிடப் பெரிய நிலப்பரப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

பணம் எப்படி வருகிறது? பெரிய மத்தியத் திட்டம் ஈக்விப் (EQIP) என்ற சுற்றுச்சூழல் தர ஊக்கத் திட்டம், 1996 பண்ணைச் சட்டத்தில் வந்தது. மதிப்பிட்ட செலவில் 75 சதவீதம் வரை தரும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர், குறைந்த வசதியுள்ளவர் போன்ற பிரிவினருக்கு 90 வரை போகும், பொருள் வாங்க முன்பணமும் உண்டு. இது உங்கள் பில்லைப் பார்த்துத் தரும் பணமில்லை. வேலி என்றால் அடிக்கு இவ்வளவு என்று அந்த மாநிலத்துக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கும். உங்கள் நிலம் பாறையாக இருந்து குழிக்கு இரண்டு மடங்கு கூலி ஆனாலும் அடிக்கணக்கு மாறாது. மாநிலத் திட்டங்களில் செலவின் சதவீதமாகத் தருவது வழக்கம். அவற்றை நடத்துவது மாவட்டமே, குழு பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுத்து ஒப்புதல் தரும்.

விண்ணப்பத்துக்கு முன் பண்ணைச் சேவை முகமையில் பண்ணை எண் வாங்க வேண்டும். வருமான வரம்புப் படிவம், சரிவு நிலத்தையும் ஈரநிலத்தையும் கெடுக்கமாட்டேன் என்ற உறுதிப் படிவம் ஆகியவையும் அங்கேதான். விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்குவார்கள். ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் வந்தவற்றைத்தான் அந்தச் சுற்றில் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவார்கள். தேதியை ஒரு வாரம் தவறவிட்டவர் ஓர் ஆண்டு காத்திருக்க நேரலாம். மத்தியப் பணம் என்றால் தொல்பொருள், அருகிவரும் உயிரினங்கள் பற்றிய சரிபார்ப்பும் முடிய வேண்டும்.

இதில் மிக அதிகம் பேரைக் கவிழ்க்கும் விதி ஒன்று: ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் வேலையைத் தொடங்கினால் அந்த வேலைக்குப் பணம் கிடையாது. ஒப்பந்தக்காரர் அடுத்த வாரம் ஃப்ரீயாக இருக்கிறார், நிலம் காய்ந்து கிடக்கிறது, எப்படியும் கிடைத்துவிடும் என்று குழி தோண்டிவிடுவார்கள். பிறகு யார் நினைத்தாலும் சரிசெய்ய முடியாது. நல்ல பணியாளர் இதை முதல் நாளே சொல்வார், கடிதத்திலும் எழுதுவார், மறுபடி போனிலும் சொல்வார்.

இன்னொன்று, பணம் வேலை முடிந்த பிறகுதான் வரும். பணியாளர் வந்து அளந்து, தரக்குறிப்புக்கு ஏற்ப இருக்கிறது என்று சான்று தந்த பின்னரே. அதுவரை வங்கிக் கடனோ கைப்பணமோ ஓட வேண்டும். 2025-ன் தொடக்கத்தில் இதன் ஆபத்து எல்லாருக்கும் தெரிந்தது. 2022-ன் பணவீக்கக் குறைப்புச் சட்டம் விவசாயப் பாதுகாப்புக்கு 1,950 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. புதிய நிர்வாகம் அந்தப் பட்டுவாடாவை நிறுத்தி வைத்தது. கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நம்பி வேலையை முடித்த பலர் பணத்துக்குக் காத்திருந்தார்கள். பிப்ரவரி 20-ல் ஏறத்தாழ இரண்டு கோடி டாலரை முதல் தவணையாக விடுவித்தார்கள். தன்னார்வத்தின் மேல் கட்டிய ஏற்பாட்டில், சொன்ன சொல்தான் முதலீடு. அது ஒரு முறை தவறினால் அடுத்த விண்ணப்பம் வராது. அந்தச் சேதம் எந்தக் கணக்கிலும் பதிவாகாது என்பதுதான் கவலை. வந்த பணமும் வரிக் கணக்கில் சேரும். அரசிடமிருந்து பெற்ற பணத்தை வரித்துறைக்குக் காட்டும் 1099-ஜி படிவம் ஜனவரியில் வரும்போது சிலர் திடுக்கிடுகிறார்கள்.

அலுவலகத்தில் கொடுக்கும் நிலவிவரம் எங்கே போகும் என்ற பயமும் நியாயமானதே. 2008 பண்ணைச் சட்டத்தின் 1619-ம் பிரிவு, மத்தியத் திட்டங்களுக்காகத் தரும் நில விவரங்களை வெளியிடக் கூடாது என்கிறது. மாவட்டமே சொந்தமாக நடத்தும் திட்டங்களுக்கு மாநிலத்தின் தகவல் சட்டம் பொருந்தக்கூடும், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அதிகாரம் அநேகமாக இல்லை என்றேன், விதிவிலக்குகள் உண்டு. மொன்டானாவில் 1975 சட்டப்படி, வற்றாத ஓடையின் படுகையிலோ கரையிலோ தனியார் எவரும் கை வைக்குமுன் மாவட்டத்தின் '310 அனுமதி' வாங்க வேண்டும். நெப்ராஸ்காவின் 23 மாவட்டங்கள் 1972 முதல் ஆற்றுவடிநிலத்தையே எல்லையாகக் கொண்டவை. சொத்து வரி வசூலிக்கும், நிலத்தடி நீரை எவ்வளவு இறைக்கலாம் என்று கட்டுப்படுத்தும். அயோவாவில், பக்கத்து நிலத்து மண் வந்து தன் நிலத்தை மூடுகிறது என்று ஒருவர் புகார் செய்தால் மாவட்டம் ஆணை போடலாம். இது சொத்துரிமையைப் பறிப்பதாகாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1979-ல் உட்பரி கவுண்டி மாவட்டத்தின் வழக்கில் தீர்ப்பளித்தது. இருந்தாலும் மானியம் கிடைக்கச் செய்யாமல் நிலத்துக்காரரை அங்கே கட்டாயப்படுத்த முடியாது.

அரிப்பு கண்ணுக்குத் தெரியாதது என்பதே எங்கும் பெரிய தடை. ஓர் ஆழமான மண்ணுக்கு ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 டன் வரை இழப்பைத் தாங்கலாம் என்று உச்சமாக வைத்திருக்கிறார்கள். ஐந்து டன்னை ஓர் ஏக்கரில் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பத்து டன் போனாலும் நிலத்துக்காரர் கண்ணுக்கு நிலம் அப்படியேதான் இருக்கும். ஆகவே பணியாளர் கையில் மண்வெட்டி இருப்பது நல்லது: வேலியோரம் உழாத இடத்தில் ஒரு குழி, வயல் நடுவில் ஒரு குழி. பென்னட் லூயிசாவில் பார்த்த அதே பாடத்தைப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம்.

செய்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் பராமரிப்பில். சரிவில் தண்ணீர் கூடி ஓடும் தடத்தில் புல் வாய்க்கால் போட்டிருப்பார்கள். களைக்கொல்லி தெளிக்கும்போது அதைக் கடக்கையில் தெளிப்பானை நிறுத்த மறந்தால் புல் கருகும், அடுத்த மழையில் அங்கே பள்ளம் விழும். ஆண்டுக்கு ஒரு சால் என்று கலப்பை ஓரத்தைக் கடித்துக்கொண்டே வந்தால், தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்காமல் பக்கத்தில் புதிதாக அரித்துக்கொண்டு ஓடும். அறுவடைக்குப் பின் மண்ணை மூடி வைக்கும் மூடுபயிராகக் கோதுமைக்கு உறவான ரை தானியத்தை விதைத்தவர் அதை மக்காச்சோள விதைப்புக்குப் பத்துப் பதினான்கு நாள் முன்பே அழிக்காவிட்டால், முற்றிய தாள் மட்கும்போது மண்ணின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். மக்காச்சோளம் மஞ்சளாகும். "மூடுபயிர் எனக்குச் சரிப்படவில்லை" என்ற சொல் அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவும்.

குத்தகை நிலம் தனிச் சிக்கல். அயோவாவில் விளைநிலத்தில் பாதிக்கும் மேல் குத்தகையில் ஓடுகிறது. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் குத்தகைக்காரர் பத்தாண்டுக்கு வேலி போட ஏன் செலவழிப்பார்? ஒப்பந்தக் காலம் முழுவதும் நிலம் தன் கையில் இருக்கும் என்று அவர் காட்ட வேண்டும். நிலைத்து நிற்கும் கட்டுமானம் என்றால் வேறு ஊரில் இருக்கும் உரிமையாளரின் கையெழுத்தும் வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை என நால்வர் பெயரில் நிலம் இருந்தால் ஒரு கையெழுத்துக்காக ஒரு பருவமே போய்விடும். ஒப்பந்தக் காலத்துக்குள் நிலத்தை விற்றால், வாங்குபவர் கடமையை எழுத்தில் ஏற்க வேண்டும். இல்லையென்றால் விற்றவர் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். பத்திரம் முடியும் முன்பே மாவட்டத்துக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஓடைக்கரை 35 அடியில் மரம் நட்டவர்களுக்கு வேலை முடிந்துவிடுவதில்லை. மான் கடிக்காமல் இருக்க ஒவ்வொரு கன்றுக்கும் நாலைந்து அடி பிளாஸ்டிக் குழல் மாட்டி, ஓக் மரக் குச்சியோடு கட்டுவார்கள். குழலின் அடி ஓர் அங்குலம் மண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் வயல் எலி உள்ளே புகுந்து குளிர்காலத்தில் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும். குழலைச் சுற்றி மூன்றடி வட்டத்தில் புல்லை அண்டவிடாமல் வைப்பதும் எலிக்காகத்தான். மேல் வாயில் சிறு குருவிகள் விழுந்து சிக்காதபடி வலை போட்டிருக்கும். கன்று அந்த உயரத்தை எட்டும்போது வலையை எடுக்க மறந்தால் நுனி மடங்கி, மரம் கோணலாகவே வளரும். வெள்ளம் வடிந்த மறுநாள் சாய்ந்த குழல்களை நிமிர்த்த வேண்டும். பணியாளர் சோதனைக்கு வரும்போது ஒவ்வொரு குழலின் வாய்க்குள்ளும் எட்டிப் பார்த்து உயிரோடு இருப்பவற்றை எண்ணிக்கொண்டு நடப்பார். எண்ணிக்கை குறைந்தால் அடுத்த வசந்தத்தில் மறுபடி நட வேண்டும்.